வாயைத் திறங்க பாஸ்... ஃப்ரெஞ்சு வரும்!

எழுதுறது ஏழு எழுத்து, சொல்றது ரெண்டு சத்தம். மிரள வைக்கிற ஃப்ரெஞ்சு ஸ்பெல்லிங்கை மடக்க ஒரே வழி, சத்தம் போட்டுப் படிக்கிறதுதான்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா? அடுத்த முறை போனா ஜன்னல் சீட்டைப் பிடிச்சு கம்பெனி போர்டுகளை மட்டும் கவனிங்க. ‘ஆர்-ஈ-என்-ஏ-யூ-எல்-டி’ன்னு ஏழு எழுத்துல ஒரு கார் கம்பெனி. ‘ரெனால்ட்’னு படிச்சா நீங்க நம்ம ஊர். ஃப்ரெஞ்சுக்காரங்க ‘ரெனோ’ன்னு ரெண்டே அசையில முடிச்சுடுவாங்க. கண்ணாடி செய்யுற ‘செயின்ட் கோபெய்ன்’, அவங்க வாயில ‘ஸான் கோபான்’. அதுவும் மூக்கால! திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில டயர் செய்யுற ‘மிச்செலின்’ அவங்க ஊர்ல ‘மிஷ்லான்’.

‘எழுத்தைப் போடுவாங்களாம், படிக்க மாட்டாங்களாம். அப்புறம் எதுக்குப்பா போட்டீங்க?’ன்னு கேட்கத் தோணுதுல்ல? நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் இருக்கு. அந்தப் பதிலுக்குள்ளேயே ஃப்ரெஞ்சை எப்படிப் படிக்கணும்கிற ரகசியமும் இருக்கு.

மார்க் இருக்கு... வாய் இல்லை!

முதல்ல நம்ம ஊர் நிலவரத்தைப் பார்த்துடுவோம். பிளஸ் டூவுல ‘மார்க் அள்ளலாம்’னு ஃப்ரெஞ்சு எடுத்தவங்க உங்க வகுப்புலயே நாலு பேராவது இருப்பாங்க. வினைச்சொல் அட்டவணை தலைகீழ் பாடம். ‘உன் பள்ளியைப் பற்றி பத்து வரி’ கண்ணை மூடிக்கிட்டு எழுதுவாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு! ஆனா, ஒரு பத்தியைக் கையில கொடுத்து, ‘இதைக் கொஞ்சம் சத்தமா படி மச்சான்’னு சொல்லிப் பாருங்க... ஆளு எஸ்கேப்! ரெண்டு வருஷமா அந்த மொழியைக் கண்ணால மட்டுமே படிச்சதோட விளைவு இது.

‘பரவாயில்லை, மார்க் வந்துடுச்சுல்ல?’ன்னு விட்டுட முடியாது. மேல்படிப்புக்கு ஃப்ரான்ஸ், கியூபெக்னு கனவு காணுறவங்க ஒரு கட்டத்துல ‘டெல்ஃப்’ பரீட்சை வாசல்ல போய் நிப்பாங்க. அங்கே கணக்கே வேற. மொத்தம் 100 மார்க். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது... ஒவ்வொண்ணுக்கும் 25. பாஸாக 50 வேணும். எந்த ஒரு பிரிவுலயாவது 5-க்குக் கீழே போனா, மத்த மூணுலயும் பின்னி எடுத்திருந்தாலும் அவுட்! அதாவது பாதி மார்க் காதுலயும் வாயிலயும் இருக்கு. கண்ணால மட்டும் படிச்சவர் மீதிப் பாதியை வெச்சுத்தான் சமாளிக்கணும்.

மார்க்கை விடுங்க. ரெண்டு வருஷம் உயிரைக் கொடுத்துப் படிச்ச ஒரு மொழியில, ‘ஒரு டீ கொடுங்க’ன்னு கேட்க வாய் வரலைன்னா, அந்த ரெண்டு வருஷத்துக்கு என்னதான் மரியாதை?

பறவையும் அஞ்சு வேரும்!

ஃப்ரெஞ்சுல ‘பறவைகள்’ங்கிற சொல்லைப் பாருங்க. ‘ஓ-ஐ-எஸ்-ஈ-ஏ-யூ-எக்ஸ்’. ஏழு எழுத்து. அஞ்சு உயிரெழுத்தும் உள்ளே உட்கார்ந்திருக்கு. உச்சரிப்பு? ‘வாஸோ’. அவ்ளோதான்! (நடுவுல வர்ற ‘ஸ’ தேனீ ரீங்காரம் மாதிரி, ‘இசட்’ சத்தம்). எழுத்தை ஒவ்வொண்ணா கூட்டிப் படிச்சா இந்த ஜென்மத்துல ‘வாஸோ’ வராது. ஆக, கண்ணு மட்டும் போதாது.

‘அப்போ காதால மட்டும் கத்துக்கிறேன், படமா பார்த்துத் தள்ளுறேன்’னு கிளம்பாதீங்க. அடுத்த குண்டு இதோ. ஃப்ரெஞ்சுல ‘வேர்’னு ஒரு சத்தம். அதுக்கு அஞ்சு ஸ்பெல்லிங், அஞ்சு அர்த்தம். புழு ஒரு ‘வேர்’, பச்சை நிறம் ஒரு ‘வேர்’, கண்ணாடி ஒரு ‘வேர்’, ‘அந்தப் பக்கமா’ன்னு திசை சொல்ற ‘வேர்’, அணில் ரோமத்துக்குப் பழைய காலத்துப் பேரும் ‘வேர்’. கேட்டா அஞ்சும் ஒண்ணு. எழுதினா அஞ்சும் வேற வேற.

இந்த ‘வேர்’ ஒரு இலக்கியச் சண்டையையே கிளப்பியிருக்கு. சிண்டரெல்லா கதையை 1697-ல அச்சிட்ட ஷார்ல் பெரோ, அவ போட்டிருந்தது கண்ணாடிச் செருப்புன்னு எழுதினார். ‘கண்ணாடியில யாராவது செருப்பு தைப்பாங்களா? அது அணில் ரோமச் செருப்பாத்தான் இருக்கணும். சத்தம் ஒண்ணா இருக்கிறதால ஸ்பெல்லிங் மாறிப்போச்சு’ன்னு பத்தொன்பதாம் நூற்றாண்டுல கொடி பிடிச்சவர் பால்ஸாக். பெரோ எழுதினது என்னவோ கண்ணாடிதான். ஆனா, அவ்வளவு பெரிய எழுத்தாளரையே சந்தேகப்பட வெச்ச மொழி இது!

எஞ்சினீயரிங் பசங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, ஃப்ரெஞ்சு ஸ்பெல்லிங் ஒரு ‘மெனி டு ஒன் ஃபங்ஷன்’. எழுத்துலேர்ந்து சத்தத்துக்குப் போறதுக்கு விதி இருக்கு. அதுவும் ரொம்ப ஒழுங்கான விதி. ‘ஈ-ஏ-யூ’ சேர்ந்து வந்தா ‘ஓ’. ‘ஓ-ஐ’ சேர்ந்தா ‘வா’. நூறு வார்த்தைல பார்த்தாலும் அப்படித்தான். இந்த விஷயத்துல இங்கிலீஷைவிட ஃப்ரெஞ்சு எவ்வளவோ தங்கம். ஆனா, சத்தத்துலேர்ந்து எழுத்துக்குத் திரும்பி வர முடியாது. ‘இன்வர்ஸ்’ கிடையாது!

அப்போ என்ன பண்ணலாம்? விதி இருக்கிற திசையிலேயே ஓடணும். எழுத்தைக் கண்ணால பார்த்துக்கிட்டே, அதோட சத்தத்தை வாயால சொல்லி, அதைக் காதால கேட்கணும். மூணும் ஒரே நேரத்துல. அதுக்குப் பேர்தான் சத்தமா படிக்கிறது. அஞ்சு ‘வேர்’ல எது எதுன்னு கை தானா எழுதுறது, இப்படி நூறு தடவை கண்ணும் வாயும் கைகோத்த பிறகுதான்.

எதுக்கு இத்தனை சும்மா எழுத்து?

‘விரல்’ங்கிறதுக்கு ஃப்ரெஞ்சுல ‘த்வா’. எழுதும்போது நடுவுல ஒரு ‘ஜி’ வரும். யாரும் சொல்லாத ‘ஜி’. ஏன்? லத்தீன்ல விரலுக்கு ‘டிஜிட்டுஸ்’. நாம தினமும் சொல்ற ‘டிஜிட்டல்’ பிறந்த அதே வேர். மொழி மாறி மாறி வந்ததுல ‘ஜி’யோட சத்தம் கரைஞ்சு போச்சு. ஆனா, இந்தச் சொல்லுக்குத் தாத்தா லத்தீன்னு காட்டணும்னு படிச்ச பெருமக்கள் அந்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வெச்சாங்க. ‘இருபது’க்கான ‘வான்’ங்கிற சொல்லுக்குள்ள இருக்கிற ‘ஜி’யும் அதே கேஸ்தான்.

இதுல ஒரு காமெடியும் உண்டு. ‘எடை’க்கு ஃப்ரெஞ்சுல ‘ப்வா’. உள்ளே டெல்லிக்கு வர்ற ‘டி’ ஒண்ணு சும்மா நிக்கும். ‘பொன்டுஸ்’ங்கிற லத்தீன் சொல்லுலேர்ந்து வந்துச்சுன்னு நினைச்சு அந்த ‘டி’யைச் சேர்த்தாங்க. உண்மையில அது வந்தது ‘பென்சும்’ங்கிற வேற சொல்லுலேர்ந்து. தாத்தாவையே மாத்திட்டாங்க! தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அந்த ‘டி’ இன்னிக்கு வரைக்கும் ஜம்முன்னு உட்கார்ந்திருக்கு.

சில உயிரெழுத்து மேல கூரை மாதிரி ஒரு தொப்பி இருக்கும், பார்த்திருப்பீங்க. பல இடங்கள்ல அது காணாமப்போன ஒரு ‘எஸ்’ஸோட நினைவுச் சின்னம்! ‘ஓபிதால்’ல தொப்பி இருக்கிற இடத்துல ‘எஸ்’ஸைப் போடுங்க... ‘ஹாஸ்பிட்டல்’. ‘ஃபோரெ’ல போடுங்க... ‘ஃபாரஸ்ட்’. இது தெரிஞ்சா பாதி வார்த்தைக்கு டிக்‌ஷனரியே வேண்டாம்.

‘இதையெல்லாம் திருத்தக் கூடாதா?’ன்னா, 1990 டிசம்பர்ல சுமார் 2,000 சொற்களுக்குத் திருத்தம் அறிவிச்சாங்க. வெங்காயத்துல இருக்கிற சும்மா ‘ஐ’யைத் தூக்கிடலாம், சில தொப்பிகளைக் கழட்டிடலாம்னு. பழசும் சரி, புதுசும் சரின்னு ரெண்டையும் விட்டுட்டாங்க. 2016-ல பாடப் புத்தகங்கள் புது முறைக்கு மாறப்போகுதுன்னு செய்தி வந்ததும் ஊரே கொந்தளிச்சுது. ‘எங்க தொப்பி மேல கை வைக்காதே!’ன்னு ட்விட்டர்ல பெரிய போராட்டம்! ஸ்பெல்லிங்னா அவங்களுக்கு அப்படி ஒரு பாசம்.

நம்ம நாக்கு ஏற்கெனவே ரெடி!

இப்போ நல்ல சேதிக்கு வருவோம். ஃப்ரெஞ்சு உச்சரிப்புல இங்கிலீஷ்காரங்க திணறுற பல இடங்கள்ல நாம அசால்ட்டா போயிடலாம்.

முதல்ல ‘டீ’ எழுத்து. இங்கிலீஷ் வாடையில நாம அதை ‘ட’ன்னு சொல்றோம். ஃப்ரெஞ்சுல அது அசல் தமிழ் ‘த’. நாக்கு நுனி பல்லைத் தொடணும். ‘போன் அப்பேத்தீ’ன்னு சொல்லுங்க. ‘அப்பேட்டீ’ வேண்டாம். அதே மாதிரி ‘க’, ‘ப’ சொல்லும்போது இங்கிலீஷ்காரங்க வாயிலேர்ந்து ‘புஸ்’னு காத்து வரும். ஃப்ரெஞ்சுல காத்து கிடையாது. தமிழ்லயும் கிடையாது. ‘படம்’, ‘கடை’ன்னு சொல்ற அதே ப, க போதும்.

அடுத்து, எல்லாரும் பயப்படுற மூக்குச் சத்தம். ‘நான் வந்தேன்’னு எழுதறோம். பேசும்போது கடைசி ‘ன்’னை நாக்கு தொடுதா? இல்லை! ‘வந்தே...’ன்னு நீட்டி, மூக்கு வழியா விட்டுடுறோம். அதேதான் ஃப்ரெஞ்சுல ‘வான்’னு சொல்ற இருபதோட கடைசிச் சத்தம். ‘அவன் வந்தான்’ங்கிறதை வேகமா சொல்லும்போது வர்றது இன்னொரு மூக்குச் சத்தம். ‘மரம்’னு எழுதி ‘மரோ’ன்னு மூக்கால முடிக்கிறோமே, அது கிட்டத்தட்ட ‘போன்ழூர்’ல வர்ற ‘போன்’. காசு கொடுத்துக் கத்துக்கவேண்டிய மூணு சத்தமும் நம்ம வீட்டுப் பேச்சுலயே இலவசமா இருக்கு பாஸ்!

மூணாவது, எழுத்து ஒண்ணு, சத்தம் பல. ‘சி’ங்கிற எழுத்து ஏ, ஓ, யூ முன்னாடி வந்தா ‘க’. ஈ, ஐ முன்னாடி வந்தா ‘ஸ’. ‘ஐயோ, குழப்பம்’னு அலறாதீங்க. கடல், பங்கு, அகம்னு சொல்லிப் பாருங்க. ஒரே ‘க’வை மூணு விதமா சொல்றோம். யாராவது நமக்கு விதி சொல்லிக் கொடுத்தாங்களா? சின்ன வயசுல வாய்விட்டுப் படிச்சுப் படிச்சு நாக்கே கத்துக்கிச்சு!

நாலாவது, நம்ம புணர்ச்சி விதி. மணி + அடித்தது = மணியடித்தது. நடுவுல ‘ய்’ எங்கிருந்தோ வந்து ஒட்டிக்குது. ஃப்ரெஞ்சுலயும் அதே கதை. ‘லே’ன்னா ஆங்கில ‘தி’யோட பன்மை. அதோட கடைசி ‘எஸ்’ஸுக்குச் சத்தம் கிடையாது. ‘ஆமி’ன்னா நண்பர்கள். ரெண்டும் சேர்ந்தா, தூங்கிக்கிட்டிருந்த ‘எஸ்’ முழிச்சுக்கும். ‘லே-ஸாமி’! நண்பர்களைக் கூப்பிட்டா சாமியே வந்துடுது பாருங்க.

ஆனா, எல்லா இடத்துலயும் ஒட்டக் கூடாது. ‘லே ஏரோ’ன்னா ஹீரோக்கள். இதுல ஆர்வக்கோளாறுல ‘எஸ்’ஸை எழுப்பிவிட்டா ‘லே ஸேரோ’. அதாவது பூஜ்யங்கள்! ஹீரோவை ஜீரோ ஆக்கின பாவம் உங்களைச் சேரும்.

நமக்கு நிஜமாவே புதுசா இருக்கிற சத்தங்கள் கொஞ்சம்தான். ‘ஆர்’ தொண்டையில வரணும். வாய் கொப்பளிக்கும்போது தண்ணி நிக்கிற இடம். ‘யூ’ எழுத்துக்கு நாக்கு ‘ஈ’ சொல்லணும், உதடு ‘ஊ’ சொல்லணும். புதுச்சேரி கவர்னரா இருந்தவர் பேரைப் பழைய தமிழ்ப் புத்தகங்கள்ல ‘துய்ப்ளே’ன்னும் ‘துய்ப்ளெக்ஸ்’னும் எழுதியிருப்பாங்க. அந்த ‘துய்’தான் இந்தச் சத்தத்தைப் பிடிக்க நம்ம ஆளுங்க போட்ட தூண்டில். ஏறக்குறைய பிடிச்சுட்டாங்க, இல்ல?

பாக்கெட்டுல வெச்சுக்க நாலு விதி!

* கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஊமை. ‘பாரிஸ்’ அங்கே ‘பாரி’. விதிவிலக்கு ஞாபகம் வெச்சுக்க ‘கேர்ஃபுல்’னு இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க. அதுல வர்ற நாலு மெய் - சி, ஆர், எஃப், எல் - கடைசியில வந்தா பொதுவா சத்தம் உண்டு.

* விதிவிலக்குக்கும் விதிவிலக்கு! ‘ஈ-ஆர்’னு முடியுற வினைச்சொல்லுல ‘ஆர்’ ஊமை. ‘பேசுவது’ன்னா ‘பார்லே’. ‘பேசிய’, ‘பேசுங்கள்’னு நாலைஞ்சு விதமா ஸ்பெல்லிங் மாறினாலும் சத்தம் அதே ‘பார்லே’. பிஸ்கட்டை நினைச்சுக்கங்க, மறக்காது.

* ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ ரெண்டுக்கும் சத்தம் ‘ஈல் பார்ல்’தான். பன்மைக்குக் கூடுதலா எழுதுற எழுத்துகள் எல்லாம் ஊமை. முழு வாக்கியத்தைப் படிச்சாத்தான் யாருன்னு தெரியும்.

* ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல ஒத்தை ‘எஸ்’ வந்தா தேனீ ரீங்காரம். ரெட்டை ‘எஸ்’ வந்தா பாம்புச் சீறல். ‘ப்வாஸோன்’ல பாம்பு சீறினா மீன். தேனீ ரீங்கரிச்சா விஷம்! ஹோட்டல்ல ஆர்டர் பண்ணும்போது உஷார்.

(இங்கே தமிழ்ல எழுதியிருக்கிற உச்சரிப்பெல்லாம் வழிகாட்டிப் பலகை மாதிரிதான். ஊர் போய்ச் சேர, அசல் குரலைக் காதால கேட்டே ஆகணும்.)

தினம் இருபது நிமிஷம்... ஆறு ஸ்டெப்!

முதல்ல சரக்கு. நூறு வார்த்தைக்குள்ள ஒரு பத்தி, அதை ஒரு ஃப்ரெஞ்சுக்காரர் படிச்ச ஆடியோ. ரெண்டும் சேர்ந்து இருக்கணும். உங்க பாடப் புத்தகத்தோட வர்ற உரையாடல் ஆடியோவே போதும். ‘டி.வி.5 மோந்த்’ சேனல் இலவசப் பயிற்சிகள் தருது. கொஞ்சம் தேறினதும் ‘ஆர்.எஃப்.ஐ.’ வானொலி, எளிய ஃப்ரெஞ்சுல பத்து நிமிஷ செய்தி வாசிக்குது. எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும்.

1. கேளுங்க: கண்ணு எழுத்து மேல. வாய் கப்சிப். ரெண்டு தடவை. கேட்காம படிக்க ஆரம்பிச்சா நீங்களே ஒரு புது மொழியைக் கண்டுபிடிச்சுடுவீங்க. அப்புறம் அதை நாக்குலேர்ந்து கழட்டுறது பெரிய வேலை.

2. பென்சிலை எடுங்க: சத்தம் இல்லாத எழுத்தை லேசா அடிங்க. ரெண்டு சொல் ஒட்டுற இடத்துல கீழே ஒரு வளைவு. மூக்குச் சத்தத்து மேல ஒரு அலை. பத்தே நாள்ல பென்சில் இல்லாமலே கண்ணு இதைச் செய்யும்.

3. நிழலா போங்க: ஆடியோவை ஓடவிட்டு, அரை விநாடி பின்னாடியே சேர்ந்து படிங்க. கோயில்ல பாட்டுப் பாடுறவர் பின்னாலேயே பக்தர்கள் பாடுவாங்களே, அப்படி. அர்த்தம் புரியுதான்னு கவலை வேண்டாம். ராகம் பிடிபடணும்.

4. தனியா மூணு தடவை: முதல்ல ஆமை வேகம், அப்புறம் சாதாரண வேகம், கடைசியா ஃபீலிங்கோட. இங்கிலீஷ் மாதிரி வார்த்தைக்கு வார்த்தை அழுத்தாதீங்க. எல்லா அசையும் ஒரே அளவா ஓடி, சொற்கூட்டத்தோட கடைசி அசையில லேசா நின்னா அது ஃப்ரெஞ்சு.

5. ரெக்கார்ட் பண்ணுங்க: செல்போன்ல. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அசலோட வெச்சு ஒப்பிடுங்க. முழுசையும் ஒப்பிட்டா மனசு உடைஞ்சுடும். ஒரு நாளைக்கு ஒரு தப்பைத் திருத்தினா வருஷத்துக்கு 365!

6. டிக்டே: அடுத்த நாள் அந்தப் பத்தியை ஓடவிட்டு, புத்தகத்தை மூடிட்டு எழுதுங்க. சிவப்புப் பேனாவால திருத்துங்க. எந்த ஊமை எழுத்தை விட்டீங்களோ, அந்த வாக்கியத்தை மறுபடி மூணு தடவை சத்தமா படிங்க, கண்ணால அந்த எழுத்தைப் பார்த்துக்கிட்டே.

ஒரு பத்திக்கு மூணு நாள் கொடுங்க. வாரத்துக்கு ரெண்டு பத்தி. ஒரு செமஸ்டர்ல முப்பது பத்தியாவது நாக்குல ஏறியிருக்கும். டெல்ஃப் முதல் நிலைக்குத் தேவையான வாக்கிய அமைப்புகள் பெரும்பாலும் அதுக்குள்ளே வந்துடும்.

சக்ரவர்த்திக்கே 75 தப்பு!

டிக்டேன்னா ஃப்ரான்ஸ்ல பரீட்சை மட்டும் இல்லை, திருவிழா! பெர்னார் பிவோன்னு ஒரு டி.வி. பிரபலம் நடத்தின தேசிய டிக்டே போட்டி 1985-லேர்ந்து 2005 வரைக்கும் சக்கைப்போடு போட்டது. 2023 ஜூன்ல பாரீஸோட ஷான்ஸ்-எலிஸே சாலையில வண்டிகளை நிறுத்திட்டு, 1,700-க்கும் மேல மேஜைகளைப் போட்டு, நடுரோட்டுல மக்கள் டிக்டே எழுதினாங்க. வேற எந்த ஊர்ல ஸ்பெல்லிங் டெஸ்ட்டுக்குக் கூட்டம் கூடும்?

எல்லாத்துக்கும் தாத்தா 1857-ல நடந்தது. மூன்றாம் நெப்போலியன் அரண்மனையில பொழுது போகாம இருந்தப்போ, எழுத்தாளர் மெரிமே ஒரு வில்லங்கமான பத்தியைச் சொல்லி எல்லாரையும் எழுத வெச்சாராம். காலங்காலமா சொல்லப்படுற ஸ்கோர் இது: சக்ரவர்த்தி 75 தப்பு. மகாராணி 62. பிரபல எழுத்தாளர் டூமா (மகன்) 24. குறைச்சலா தப்பு பண்ணவர் யார் தெரியுமா? ஆஸ்திரியாவுலேர்ந்து வந்திருந்த மெட்டர்னிக். வெறும் 3!

வெளியூர்க்காரர்! அந்த மொழியை உட்கார்ந்து கத்துக்கிட்டவர்! இதைவிட நமக்கு வேற என்ன டானிக் வேணும்?

ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்லுது

கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக் காலின் மெக்லியோட் குழு 2010-ல இதைப் பரிசோதிச்சு எழுதினாங்க. மௌனமா படிச்ச சொற்களைவிட, வாய்விட்டுப் படிச்ச சொற்கள் அதிகமா ஞாபகத்துல தங்குது. பின்னாடி அதே குழுவுல நடந்த இன்னொரு சோதனையில நாலு வழிகளை மோதவிட்டாங்க. மௌனமா படிக்கிறது, மத்தவங்க படிக்கக் கேட்கிறது, தன்னோட குரலை ரெக்கார்டிங்ல கேட்கிறது, தானே சத்தமா படிக்கிறது. ஜெயிச்சது கடைசி வழிதான். வாய் அசையுறதும், ‘இது என் குரல்’னு காது கேட்கிறதும் சேர்ந்து மூளையில தனி முத்திரை குத்துது.

நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க மணல்ல விரலால எழுத்தை வரைஞ்சுக்கிட்டே சத்தமா சொல்லுவாங்க. கண்ணு, கை, வாய், காது நாலும் ஒரே நேரத்துல டூட்டி! அந்தக் கால வாத்தியாருங்க விவரமானவங்கதான்.

ஃப்ரெஞ்சு இலக்கியத்துலயும் சத்தத்துக்குத் தனி இடம் உண்டு. ‘மேடம் பொவாரி’ எழுதின ஃப்ளோபேர், தான் எழுதின ஒவ்வொரு வாக்கியத்தையும் அறைக்குள்ள நின்னு உரக்கக் கத்திப் பார்ப்பார். காதுக்கு இடிச்சா மறுபடி எழுதுவார். அந்தக் கத்தலுக்கு அவர் வெச்ச பேர் ‘கெல்வார்’. சுமாரா தமிழ்ல சொன்னா ‘கத்துமிடம்’!

‘பசங்க சிரிப்பாங்களே...’

வாஸ்தவம்தான். ஹாஸ்டல் ரூம்ல நின்னு ‘போன்ழூர்’னு மூக்கால முனகினா, பக்கத்துப் படுக்கைக்காரன் விக்ஸ் டப்பாவை நீட்டுவான். புதுப் பட்டப் பேரும் இலவசம். பல பேரோட ஃப்ரெஞ்சு செத்துப் போறது இந்த இடத்துலதான். கஷ்டமான இலக்கணத்தால இல்லை, கூச்சத்தால!

அதுக்கும் வழி இருக்கு. மொட்டை மாடி. காலி கிளாஸ் ரூம். இல்லைன்னா காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே படிங்க. பார்க்கிறவங்க போன்ல பேசுறீங்கன்னு நினைப்பாங்க. இன்னும் நல்ல ஐடியா, கூட ஃப்ரெஞ்சு எடுத்த ஒரு ஃப்ரெண்டைச் சேர்த்துக்கங்க. ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் டிக்டே எழுத, அப்புறம் மாத்திக்கங்க. தோத்தவர் டீ வாங்கித் தரணும்!

ஒண்ணு மட்டும் வெளிப்படையா சொல்லிடணும். சத்தமா படிச்சா மட்டும் உரையாடல் வந்துடாது. எதிராளி திடீர்னு கேள்வி கேட்டா பதில் சொல்றது தனிப் பழக்கம், அதுக்கு ஆட்களோட பேசித்தான் ஆகணும். அர்த்தம் தெரியாம கிளி மாதிரி ஒப்பிச்சாலும் பிரயோஜனம் இல்லை. பத்தியைப் படிக்கிறதுக்கு முன்னாடி புரிஞ்சுக்கிட்டுப் படிங்க. ஆனா, வாய் பழகியிருந்தா பேச வேண்டிய நேரத்துல மூளை என்ன சொல்றதுன்னு மட்டும் யோசிச்சா போதும். எப்படிச் சொல்றதுங்கிற வேலையை நாக்கு பார்த்துக்கும்.

பரண்ல தூங்குற உங்க பிளஸ் டூ ஃப்ரெஞ்சுப் புத்தகத்தை இன்னிக்கு ராத்திரி கீழே இறக்குங்க. முதல் பாடத்தைப் புரட்டுங்க. அந்த எழுத்துகள் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சவங்கதான். குரல் மட்டும்தான் இன்னும் வரலை.

கதவைச் சாத்திக்கங்க. தொண்டையைச் செருமிக்கங்க. ம்... சத்தமா!